சந்திப்பைச் சீரமைக்க எதை வாங்குவது: கணக்குத்தாளா, கணினி மாதிரியா, கூம்புகளா?

நகர்மன்றக் கூட்ட அரங்கில் விளக்குகளை அணைத்துவிட்டுத் திரையில் மூன்று நிமிட அசைபடம் ஒன்றை ஓட்டிக் காட்டினேன். ஐந்து சாலைகள் வந்து சேரும் பேருந்து நிலையச் சந்திப்பு. சிக்னல் மாறுகிறது, கார்கள் வரிசை பிசகாமல் நகர்கின்றன, பேருந்து அலுங்காமல் திரும்புகிறது, நடைபாதையில் மரநிழல் விழுகிறது. முடிந்ததும் கைதட்டல். பின்வரிசையில் இருந்த ஓர் உறுப்பினர் மட்டும் எழுந்து, "எல்லாம் நன்றாக இருக்கிறது தம்பி, ஷேர் ஆட்டோ எங்கே நிற்கும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மென்பொருளின் வாகனப் பட்டியலில் ஆட்டோ இருந்தது. பேருந்து நிலைய வாசலில் ஒரு சக்கரம் நடைபாதையிலும் இரண்டு சக்கரம் தாரிலுமாக நின்று ஆள் கூப்பிடும் ஆட்டோ அதில் இல்லை.

நான் போக்குவரத்துத் திட்ட ஆலோசகன். மாதிரிகள் கட்டியும் படங்கள் வரைந்தும் பிழைப்பவன். சிறு நகராட்சிகளின் பொறியாளர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இருக்கிற பணத்தில் எந்த ஆய்வைச் செய்யச் சொல்லலாம்? கணக்குத்தாளில் முடிகிற சிக்னல் கணக்கு, ஒவ்வொரு வாகனத்தையும் தனித்தனியாக ஓட்டிப் பார்க்கும் நுண் மாதிரி, நகரம் முழுவதையும் பிடிக்கும் பெரிய மாதிரி, தெருவிலேயே போக்குவரத்துக் கூம்புகளை வைத்துப் பார்க்கும் சோதனை என்று நான்கு வழிகள் உண்டு. இவற்றில் விலை அதிகமானதே நல்லது என்ற எண்ணம் எப்படியோ ஊன்றிவிட்டது. பல டெண்டர்களில் என்ன முடிவெடுக்கப் போகிறோம் என்பதே இருக்காது. எந்த மென்பொருள் வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருக்கும். நோய் என்னவென்று சொல்லாமல் ஸ்கேன் எடுக்கச் சொல்வது போன்றது அது.

கணக்குத்தாள்: ஏழைக்கு எள்ளுருண்டை

1958-ல் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் வெப்ஸ்டர் என்பவர் வகுத்த சூத்திரம் இன்றைக்கும் சிக்னல் வடிவமைப்பின் அஸ்திவாரம். பச்சை மாறும்போது வீணாகும் விநாடிகளை எல்லாம் கூட்டி ஒன்றரையால் பெருக்குங்கள், ஐந்தைச் சேருங்கள். பிறகு, ஒவ்வொரு கட்டத்திலும் (ஒரு பக்கத்துக்குப் பச்சை விழும் முறை ஒரு கட்டம்) வரும் வாகனங்கள், தொடர்ந்து பச்சை இருந்தால் அந்தச் சாலை அதிகபட்சம் வெளியேற்றக்கூடியதில் எத்தனை பங்கு என்று பார்த்து, அந்தப் பங்குகளின் கூட்டுத்தொகையை ஒன்றிலிருந்து கழியுங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் வருவது சிக்னல் சுற்றின், அதாவது ஒரு பச்சையிலிருந்து மறுபடி அதே பச்சை வரையிலான, உகந்த நேரம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். நான்கு கட்ட சிக்னல். கட்டத்துக்கு 4 விநாடி வீதம் 16 விநாடி வீண். பங்குகளின் கூட்டுத்தொகை 0.85. சுற்று 193 விநாடி வருகிறது. மூன்று நிமிடத்துக்கும் மேல் நீளும் சுற்றில் சிவப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க நம் ஊரில் யாருக்கும் பொறுமை கிடையாது. இருசக்கர வாகனங்கள் பாதியிலேயே ஊர்ந்து நடுவுக்கு வந்துவிடும். இப்போது ஒரேயொரு வலதுபுறத் திருப்பத்தை மூடி, அந்த வண்டிகளைச் சற்றுத் தள்ளி யூ-டர்ன் எடுக்க வைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டங்கள் மூன்றாகும், வீண் நேரம் 12 விநாடியாகும், கூட்டுத்தொகை 0.75-க்கு இறங்கும். சுற்று 92 விநாடி. பாதிக்கும் குறைவு. யூ-டர்ன் எடுக்கும் இடத்தில் புதுத் தலைவலி வருமா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்தான். ஆனாலும் மேம்பாலம் வேண்டுமா என்ற விவாதத்தையே திசைதிருப்பக்கூடிய விடை இது. ஒரு பக்கத் தாளில், ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடுகிறது.

கணக்கு எளிது. அதில் போடும் எண்கள் எளிதல்ல. நம் சாலையில் பஸ்ஸும் ஸ்கூட்டரும் ஒன்றாக ஓடுவதால் எல்லாவற்றையும் காராக மாற்றிக் கணக்கிடுகிறோம், இதைத்தான் பி.சி.யு. என்பார்கள். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் 1990-ம் ஆண்டு நகரச் சாலை நெறிமுறைப்படி, இருசக்கர வாகனங்கள் மொத்தத்தில் 5 சதவீதமாக இருந்தால் ஒன்றுக்கு 0.5, 10 சதவீதத்தைத் தொட்டால் 0.75. மணிக்கு 1,200 இருசக்கர வாகனங்கள் வருகிற சாலையில் ஒரு கணக்குப்படி 600 கார், இன்னொரு கணக்குப்படி 900 கார். வண்டி ஒன்றுகூட மாறவில்லை. அட்டவணையின் பத்திதான் மாறியது. தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் 10 சதவீதத்துக்கு மேல்தான் இருசக்கர வாகனங்கள் என்பதால் 0.75 என்று எழுதிவிடுவது வழக்கம். சிக்னலில் அவை கார்களின் இடுக்குகளில் புகுந்து முன்வரிசைக்கு வந்து, பச்சை விழுந்த சில விநாடிகளிலேயே கொத்தாகக் கடந்துவிடுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள். மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடு சிக்னல் சந்திப்புகளுக்குத் தனி மதிப்புகளைத் தருகிறது. உங்கள் ஆலோசகர் எந்த அட்டவணையைப் பிடித்தார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அறிக்கையின் மீதிப் பக்கங்களைப் படிக்க அவசரப்பட வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஓட்டை கணக்கெடுப்பிலேயே இருக்கிறது. நிறுத்தக்கோட்டில் ஆள் வைத்து எண்ணினால் கிடைப்பது கடந்துபோன வண்டிகளின் எண்ணிக்கை. நெரிசலான சந்திப்பில் அது சந்திப்பால் தாங்க முடிந்த அளவு. வர விரும்பிய வண்டிகள் எத்தனை என்பது வரிசையின் வாலில் இருக்கிறது. ஒவ்வொரு 15 நிமிடமும் வால் எங்கே முடிகிறது என்று குறித்துவைக்காத கணக்கெடுப்பில் நெரிசல் மிகுந்த சாலைதான் அமைதியான சாலை போலத் தெரியும். நான் முதன்முதலில் செய்த வேலையிலேயே இந்தத் தவறைச் செய்தேன். அறிக்கை போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

கணக்குத்தாளுக்குப் பாதசாரிகள் கண்ணில் படமாட்டார்கள் என்பதும் உண்மை. 14 மீட்டர் அகலச் சாலையை விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க 12 விநாடி. கையில் பையோடு விநாடிக்கு 0.9 மீட்டர் நடக்கும் அம்மாவுக்கு 16 விநாடி வேண்டும். இதை நீங்களாகக் கேட்டு எழுத வைக்காவிட்டால் சூத்திரம் தானாகத் தராது.

நுண் மாதிரி: அசலைப் போலவே ஓடும் பொம்மை

அந்த மூன்று நிமிட அசைபடம் பிறந்த இடம் இது. விஸ்ஸிம் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு வாகனத்தையும் ஓர் ஓட்டுநராகப் பாவித்து, ஒரு விநாடிக்குள்ளேயே பல முறை அவருடைய முடிவைக் கணக்கிடுகின்றன. முன்னால் போகும் வண்டியை எவ்வளவு நெருங்கலாம், எப்போது பிரேக் பிடிக்க வேண்டும் என்ற விதிகள் 1974-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் வீடமன் என்பவர் வகுத்தவை. தடத்துக்குள் தடம் மாறாமல் ஒருவர் பின் ஒருவராகப் போகும் ஓட்டுநர்களை வைத்து உண்டான விதிகள். அவற்றை நம் ஊருக்குப் பொருத்தலாம். தடத்துக்குள்ளேயே பக்கவாட்டில் முந்த அனுமதிக்கலாம், வாகனங்களுக்கிடையிலான பக்க இடைவெளியைச் சுருக்கலாம், இருசக்கர வாகனங்களை இடுக்கில் நுழைய விடலாம். ஆனால் அந்த ஒவ்வொரு திருகையும் உள்ளூர் வீடியோவோடு ஒப்பிட்டுத் திருக வேண்டும். வாரக்கணக்கில் பிடிக்கும் வேலை. டெண்டரில் அதற்கு நாள் கொடுப்பதில்லை. நாள் கொடுக்காத இடத்தில் மென்பொருளோடு வந்த மதிப்புகளே தங்கிவிடும்; திரையில் ஓடுவது கார்ல்ஸ்ரூஹே போக்குவரத்து, மேலே ஒட்டியிருப்பது நம் ஊர்ப் பெயர்ப்பலகை.

பணம் இல்லாதவர்களுக்கு சுமோ இருக்கிறது. ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையம் 2001 முதல் வளர்த்துவரும் கட்டற்ற மென்பொருள். தடத்தை மெல்லிய பட்டைகளாக வகுத்து, ஒரே தடத்தில் இரண்டு மூன்று வண்டிகள் ஒட்டி ஓடுவதைக் காட்டும் வசதியும் அதில் உண்டு. நமக்கு அது பெரிய விஷயம். முப்பரிமாணக் கவர்ச்சியில் விஸ்ஸிமுக்குப் பக்கத்தில் நிற்காது. விடையின் தரத்தில் இரண்டுக்கும் நடுவே நான் கண்ட வித்தியாசம் மென்பொருளைவிட அதை இயக்கியவரைப் பொறுத்தே இருந்தது. கல்லூரி மாணவர்களோடு சேர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கும் நகராட்சிக்கு சுமோ போதும்.

வாங்குகிறவர் கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ஜி.ஈ.எச். என்ற சோதனை எண். மாதிரி சொல்லும் வாகன எண்ணிக்கையும் சாலையில் எண்ணியதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கான அளவுகோல் அது. குறைந்தது 85 சதவீத இடங்களில் 5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது வழக்கம். சாலையில் 1,000 வண்டி, மாதிரியில் 1,150 என்றால் ஜி.ஈ.எச். 4.6, தேறிவிட்டது. 1,200 என்றால் 6, தோல்வி. 150 வண்டி பிசகினாலும் தேறலாம் என்பதைக் கவனியுங்கள், அதுவும் எண்ணிக்கையில் மட்டும். வரிசையின் நீளமும் பயண நேரமும் ஒத்துப்போகின்றனவா என்று தனியாகக் கேட்க வேண்டும். இரண்டாவது, மாதிரியை எத்தனை முறை ஓட்டினார்கள். வாகனங்கள் வந்து சேரும் நேரம் தற்செயலாக அமைவதால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் விடை மாறும். பத்து முறை ஓட்டிச் சராசரியும் சிதறலும் தருகிறவர் ஒழுங்கானவர். அழகாக வந்த ஓர் ஓட்டத்தை மட்டும் படமாக்கிக் காட்டுகிறவர் என்னைப் போன்றவர். அன்றைக்கு நான் காட்டியது அப்படிப்பட்ட ஓட்டம்தான்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டதால் நுண் மாதிரி வேண்டாத செலவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னை கத்திப்பாராவில் 2008-ல் திறந்த மேம்பாலம் போன்ற இலைவடிவச் சந்திப்புகளில் உள்ளே வருகிறவர்களும் வெளியேறுகிறவர்களும் ஒரே சிறிய நீளத்தில் குறுக்கே பின்னிக்கொள்வார்கள். வெப்ஸ்டர் சூத்திரம் அங்கே வாய் திறக்காது. 118.9 கிலோமீட்டருக்கு நடக்கும் சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளைப் போல, சாலையின் பாதியை வருடக்கணக்கில் அடைத்து வண்டிகளை மாற்றுப்பாதையில் விட வேண்டிய இடங்களிலும், அடுத்தடுத்த சிக்னல்களில் ஒன்றின் வரிசை மற்றதன் வாயை அடைக்கும் இடங்களிலும் பணத்தைக் கொட்டி நுண் மாதிரி கட்டலாம். தனித்து நிற்கும் ஒரு சந்திப்புக்கு அது ஆனைக்குப் போட வேண்டிய அம்பாரியை ஆட்டுக்குட்டிக்குப் போடுவது.

பெரிய மாதிரி

இதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, உங்கள் சந்திப்புக்கு இது வேண்டாம் என்பதால். எத்தனை பயணங்கள் பிறக்கின்றன, எங்கே போகின்றன, எதில் போகின்றன, எந்த வழியில் போகின்றன என்று நான்கு படிகளில் நகரத்தையே கணக்கிடும் மாதிரி இது. 1950-களில் டெட்ராய்ட், சிகாகோ ஆய்வுகளில் உருவெடுத்தது. புறவழிச்சாலை, மெட்ரோ, புதிய பேருந்து நிலையம் போன்ற கேள்விகளுக்கு உரியது. இதன் எண்களையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. டென்மார்க் ஆய்வாளர் பென்ட் ஃபிளைவ்பெர்க்கும் சகாக்களும் 2005-ல் 14 நாடுகளின் 210 திட்டங்களைப் பரிசோதித்தபோது, ரயில் திட்டங்களின் பயணிகள் கணிப்பு உண்மையைவிடச் சராசரியாக 106 சதவீதம் கூடுதலாக இருந்தது. சாலைத் திட்டங்களில் பாதியில் கணிப்பு 20 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ பிசகியிருந்தது.

ஒரு சந்திப்பின் நுண் மாதிரியிடம் பெரிய மாதிரியின் கேள்வியைக் கேட்டால் மட்டும் ஆபத்து. தென்கொரியாவின் சியோலில் செயோங்கியெசோன் ஓடையின் மேலிருந்த உயர்மட்டச் சாலையை 2003-ல் இடிக்கத் தொடங்கி 2005-ல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். நாளுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான வாகனங்கள் ஓடிய இடம். ஊர் நின்றுபோகும் என்று பயந்தார்கள், பேருந்துச் சேவையையும் கூடவே சீரமைத்தார்கள், ஊர் நிற்கவில்லை. வண்டிகள் வழி மாறின, நேரம் மாறின, சில பயணங்கள் பேருந்துக்குப் போயின. வரும் வண்டிகளின் எண்ணிக்கை மாறாது என்று முதல் வரியிலேயே வைத்துக்கொள்ளும் நுண் மாதிரிக்கு இது ஒருக்காலும் தெரியாது.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை

மாதிரி வேறு, படம் வேறு. ஒரே மடிக்கணினியிலிருந்து வருவதால் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். கணக்கே போடாமல் சந்திப்பை அழகாக வரைந்துவிட முடியும். நன்றாகப் போட்ட கணக்கு யாருக்கும் புரியாத அட்டவணையாகக் கிடக்கவும் முடியும்.

முப்பரிமாணப் படங்களில் நான் பார்த்துச் சலித்தவை: பருந்துப் பார்வை, பத்து வயது வளர்ந்த மரங்கள், வெள்ளைக்காரர்களைப் போன்ற பாதசாரிகள், ஒரு டிரான்ஸ்பார்மர்கூட இல்லாத நடைபாதை. பூக்கடை கிடையாது. சாக்கடை மூடி கிடையாது. இவற்றை வரையாமல் விடுவது சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அங்கே கடை வைத்திருக்கும் பெண்ணுக்கு அந்தப் படம் சொல்லும் செய்தி வேறு.

என் தேர்வு, ஒளிப்படத்தின் மேல் வரைவது. சந்திப்பில் இருக்கும் டீக்கடை வாசலில், நிற்கிற ஆளின் கண்மட்டத்தில் ஒரு படம் எடுத்து, மாறப்போவதை மட்டும் அதன்மேல் தீட்டுவது. மாறாதவை அப்படியே இருப்பதால் பார்க்கிறவர் தன் ஊரை அடையாளம் கண்டுகொள்கிறார், "இந்தக் கம்பத்தை எடுக்கமாட்டீர்களா?" என்று உருப்படியான கேள்வி வருகிறது. பொறியாளருக்கு அளவுகளோடு கூடிய சாதாரண வரைபடம். அசைபடம் வேண்டுமென்றால் ஒரே பார்வைக்கோணத்தில் இன்றைய நிலையையும் நாளைய நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டச் சொல்லுங்கள். இன்றைய நெரிசலைத் தத்ரூபமாகக் காட்ட முடியாத மாதிரிக்கு நாளையைக் காட்டும் தகுதி இல்லை.

கூம்புகள்

நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009 மே மாதம் பிராட்வே சாலையின் ஒரு பகுதியைத் தடுப்புகளால் அடைத்து, மடக்கு நாற்காலிகளைப் போட்டார்கள். கான்கிரீட் ஊற்றவில்லை. டாக்சிகளின் ஜி.பி.எஸ். பதிவுகளை வைத்துப் பயண நேரத்தை அளந்தார்கள். அப்பகுதியில் பாதசாரிகளுக்கு ஏற்பட்ட காயங்கள் 35 சதவீதம், வாகனங்களில் இருந்தவர்களுக்கு ஏற்பட்டவை 63 சதவீதம் குறைந்தன. 2010 பிப்ரவரியில் நிரந்தரமாக்கினார்கள். சென்னை பாண்டி பஜாரிலும் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறப்பதற்கு முன்பு தற்காலிகத் தடுப்புகளை வைத்து ஒத்திகை பார்த்தார்கள்.

கூம்புச் சோதனைக்குச் செலவு குறைவு, ஆனால் பொறுப்பு அதிகம். போக்குவரத்துக் காவல்துறை முழு மனதோடு கூட நிற்க வேண்டும். இரவில் ஒளிரும் பட்டை இல்லாத மணல்மூட்டை ஒன்றே ஓர் உயிரைக் குடிக்கும். முதல் மூன்று நாள் எல்லோரும் திட்டுவார்கள். அந்த நாட்களின் எண்களைத் தீர்ப்புக்கு எடுக்கக் கூடாது. இரண்டு வாரமாவது ஓட வேண்டும், அதற்குள் ஒரு முகூர்த்த நாளும் ஒரு சந்தை நாளும் வர வேண்டும், பள்ளி திறந்திருக்க வேண்டும். மேம்பாலத்தைக் கூம்பு வைத்துச் சோதிக்க முடியாது என்பதும் வெளிப்படை.

ஆனால் கூம்பு சொல்லும் சில விஷயங்களை வேறு எதுவும் சொல்லாது. என் அசைபடம் ஓடிய அதே சந்திப்பில், புதிய போக்குவரத்துத் திட்டின் விளிம்பைச் சுண்ணாம்புத் தூளால் வரைந்து, பணிமனையிலிருந்து 12 மீட்டர் பேருந்து ஒன்றை வரவழைத்துத் திருப்பச் சொன்னோம். ஓட்டுநர் இறங்கிவந்து கோட்டைப் பார்த்துவிட்டு, "முன்சக்கரம் போய்விடும் சார், பின்சக்கரம் கல்மேல் ஏறும்" என்றார். மென்பொருள் போட்டுத்தந்த திருப்பப் பாதையில் ஏறவில்லை. அவர் திருப்பிக் காட்டினார், ஏறியது. நாங்கள் வரைந்த பாதை சாலையின் நடுவிலிருந்து தொடங்கியது, அவரோ ஓரத்தில் நிற்கும் ஆட்டோக்களைத் தவிர்க்க எப்போதும் வேறு இடத்திலிருந்துதான் திருப்பத்தைத் தொடங்குகிறார். திட்டின் முனையை ஒன்றரை அடி வெட்டினோம். ஷேர் ஆட்டோவுக்குச் சந்திப்பைத் தாண்டி ஓர் இடம் குறித்துக் கூம்பு வைத்தோம். இரண்டாம் நாள் மாலையே அவர்கள் அதை இருபது மீட்டர் பின்னுக்குத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். அங்கேதான் பேருந்திலிருந்து இறங்குகிறவர்கள் வெளியே வருகிறார்கள். கூம்பை அங்கேயே விட்டுவிட்டோம்.

நான் வாங்கினால்

தனித்த சந்திப்பு, ஐந்தாறு சாலைகள், சிக்னலா ரவுண்டானாவா, எந்தத் திருப்பத்தை மூடலாம் என்ற அளவிலான முடிவு என்றால்: பணத்தின் பெரும்பங்கை வீடியோ கணக்கெடுப்புக்குக் கொடுப்பேன், வரிசையின் வாலோடு சேர்த்து. பிறகு கணக்குத்தாள். பிறகு டீக்கடைக் கண்மட்டத்தில் இரண்டு மூன்று ஒளிப்படச் சித்திரங்களோடு ஒரு பொதுக்கூட்டம். பிறகு இரண்டு வாரம் கூம்பு. நுண் மாதிரி வேண்டாம். மேம்பாலம் என்ற பேச்சு வந்துவிட்டால் கணக்கு மாறும். கோடிகளில் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் ஒழுங்காகத் திருகிய நுண் மாதிரிக்குச் செலவிடுவதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது, அதற்குப் பின்னால் பெரிய மாதிரியின் கணிப்பும் இருந்தே ஆக வேண்டும். தெருவை நடப்பவர்களுக்காகத் திருப்பிக் கொடுப்பது என்றால் கூம்பிலேயே தொடங்குவேன், கணக்கு அதன் பின்னால் வரட்டும்.

எதை வாங்கினாலும் டெண்டரில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: வீடியோக்கள், கணக்கெடுப்புத் தாள்கள், மாதிரிக் கோப்புகள் எல்லாம் திறந்து பயன்படுத்தக்கூடிய வடிவில் நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். வெறும் பி.டி.எஃப். அறிக்கையை வாங்கி அலமாரியில் வைத்தால், மூன்று வருடம் கழித்து வரும் ஆலோசகர் அதே சந்திப்பில் அதே வண்டிகளை முதலிலிருந்து எண்ணி, அதற்குத் தனியாகப் பணம் கேட்பார். நானும் கேட்டிருக்கிறேன்.